விளையாடாத மாணவர்களுக்கும் மைதானம் வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவி
மற்றும் கையெழுத்திட்டுள்ள விடுதி மாணவியர்,
உதகமண்டலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம்,
உதகமண்டலம்.

பொருள்: விளையாட்டு அணிகளில் இல்லாத கல்லூரி மாணவ மாணவியர் நடக்கவும் விளையாடவும் இடம், நேரம், மழைக்கால ஏற்பாடு செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா ஃபேக்டரியில் வேலை செய்கிறார். பள்ளியில் படித்த வருஷங்களில் லைன் வீட்டிலிருந்து பஸ் ரோடு வரை தினமும் இறங்கி, சாயங்காலம் அதே மேட்டை ஏறி வருவேன். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. ஊட்டிக்கு வந்து விடுதியில் சேர்ந்ததும் அது நின்றுபோனது. வகுப்பு, மெஸ், ரூம், இவ்வளவுதான். எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்.

நான் சேர்ந்தபோது தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. முதல் இரண்டு மாதம் பகலில் கண் சொருகும், ராத்திரி தூக்கம் வராது. இன்டர்னல் தேர்வு என்றாலே நெஞ்சு படபடக்கும். மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தால் காரணமே இல்லாமல் அழுகை வரும். வீட்டுக்கு போன் போட்டால் அம்மா "குளிர் ஒத்துக்கலையா?" என்று கேட்பார், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். என் வகுப்பில் ஒரு பெண் அந்த வருஷம் பாதியிலேயே படிப்பை நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்களில் யாருக்கும் மனசு சரியில்லை என்று எழுதிக் கொடுக்கத் தெரியாது.

என்னை மீட்டவர் ரூமில் இருந்த ஒரு சீனியர் அக்கா. சனி, ஞாயிறுகளில் எல்க்ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கோயிலுக்கு என்றால் விடுதியில் அனுமதி கிடைக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்க நடப்போம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம், திரும்பி வருவோம். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். காலையில் மணி அடித்துத்தான் எழுந்தேன். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

என் ஒருத்தியின் அனுபவத்தை மட்டும் வைத்து நான் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 18 வயது நிறைந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் குறையும் என்பதும் அதில் சொல்லப்பட்ட பயன்களில் ஒன்று. 2022-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 15 ஆய்வுகளிலிருந்து 1,90,000-க்கும் அதிகமானோரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வாரம் இரண்டரை மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான உழைப்பு உள்ளவர்களுக்கு, அது அறவே இல்லாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பாதி செய்தவர்களுக்கே 18 சதவீதம் குறைவு. எனக்கு நம்பிக்கை தந்தது இந்தப் பாதிக் கணக்குதான், ஏனென்றால் அது வாரத்துக்கு வெறும் 75 நிமிடம்.

நல்ல மனநிலையில் இருப்பவர்கள்தான் அதிகம் நடக்கிறார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரைப் பயிற்சி, மருந்து, இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு முதலில் வேகமாகத் தெளிவு வந்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அவர்கள் 50 வயது நிறைந்தவர்கள், எங்களுக்கு 20 வயது. அதனால் அதை அப்படியே எங்களுக்குப் பொருத்த முடியாது. அங்கே பயிற்சி நடந்த விதத்தைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்: வாரம் மூன்று நாள், கூட்டாக, ஒருவர் உடனிருந்து நடத்த. நாங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

இப்போதுள்ள நிலைமையைச் சொல்கிறேன். கல்லூரிகளில் மைதானம் என்றால் டீமில் இருப்பவர்களுக்கு. முதலமைச்சர் கோப்பைக்குப் பயிற்சி எடுப்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, அவர்கள் எங்கள் தோழிகள். ஆனால் டீமில் இடம் கிடைக்காதவள் அந்த மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறாள், அப்புறம் நிற்பதையும் விட்டுவிடுகிறாள். உண்மையில் ஓடியாடி விளையாடும் அவர்களைவிட, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் எங்களுக்குத்தான் அது அதிகம் தேவை. பொது மைதானத்துக்குப் போனால் ஆண்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்து போனாலும் ஒரு மூலையில்தான் நிற்போம்.

ரோட்டில் நடக்கலாமே என்பார்கள். விடியற்காலையில் காட்டுமாடு நிற்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் படிக்கும் தோழிகளுக்குக் கரடி பயம். சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதி கேட்டை மூடிவிடுவார்கள். அதுவரை இருக்கிற வெளிச்சத்தில் நடக்கலாம் என்றால், பல இடங்களில் நடைபாதை கிடையாது, சுற்றுலா வண்டிகள் உரசிக்கொண்டு போகும். வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு வேறு கஷ்டம். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் வீடு சேர இருட்டிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை மழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபரில் அடுத்த மழை, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஏப்ரலில் வெயில் நன்றாக இருக்கும்போது எங்களுக்குப் பரீட்சை, ஊருக்குள் சீசன் கூட்டம். ஆக எங்கள் கல்லூரி வருஷத்தின் பெரும்பகுதி சேற்று மைதானத்தோடு போகிறது. கனமழைக்குத் தாங்கள் விடுமுறை அறிவிக்கும் நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். விடுதிப் பிள்ளைகளான நாங்கள் கம்பளிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கிடக்கிறோம். சில சமயம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. போன வருஷம் அப்படி ஒரு நாளில் எங்கள் படுகர் தோழிகள் வராந்தாவில் பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஊரான ஹட்டியில் ஆடுகிற மாதிரியே வட்டம் கட்டி, ஆடத் தெரியாதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து, கடைசியில் அந்த மாடியே ஆடியது. ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வியர்த்தது. அன்று ராத்திரி மெஸ்ஸில் இருந்த சத்தத்தை நான் அந்த மாதம் முழுக்கக் கேட்டதில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வராந்தாவும் ஒரு மணி நேரமும்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது: மழை மாதங்களில் வார நாட்களில் காலியாக இருக்கும் அரசு அல்லது நகராட்சி மண்டபம் ஒன்றை, வாரம் மூன்று நாள் மாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடச் சொல்லுங்கள். ஸ்கிப்பிங் கயிறும் பாயும் இருந்தால் போதும். மழை இல்லாத மாதங்களில் மாவட்ட விளையாட்டு மைதானத்தில் இதே நேரத்தை அணியில் இல்லாதவர்களுக்கென ஒதுக்கி, அதில் ஒரு நாளை மாணவியருக்கு மட்டும் என்று வைத்து, பெண் பயிற்சியாளர் ஒருவரை உடன் இருக்கச் செய்ய வேண்டும். உடை மாற்ற ஓர் அறையும் சுத்தமான கழிப்பறையும் இல்லாவிட்டால் மாதத்தில் பல நாள் எங்களால் வர முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை உண்டு. மாதம் ஒரு ஞாயிறு விடுதி மாணவர்களை ஆசிரியர் துணையோடு அதில் சேர்த்துக்கொள்ளலாம். போக்குவரத்துக் கழகத்திடம் பேசி, அந்த மூன்று நாளாவது மாலை ஐந்தே முக்காலுக்குமேல் கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் வழிகளில் மாணவர்களுக்குப் பஸ் இருக்கும்படி செய்தால் வீட்டிலிருந்து வருகிறவர்களும் பங்கெடுப்பார்கள்.

பாடவேளையில் இருக்கும் உடற்கல்வி நேரத்தைச் சிலபஸ் முடிக்க எடுத்துக்கொள்வதைத் தடுப்பது தங்கள் நேரடி அதிகாரத்தில் வராது என்று தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு உடல்தகுதி, விளையாட்டு, மனநலம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்தே கல்லூரிகளுக்கு நெறிமுறை கொடுத்திருக்கிறது. கோவையில் உள்ள கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்குத் தாங்கள் அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினால் நிச்சயம் மதிப்பு இருக்கும்.

இன்னொன்று. நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சிலருக்கு மருத்துவர் தேவை, மருந்து தேவை. ஆனால் மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே பலர் போவதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் விளையாடும் இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தால், மைதானத்தைச் சுற்றி அவரோடு இரண்டு சுற்று நடந்தபடியே பேசிவிடலாம். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இரவும் பகலும் இலவசமாகப் பேசக்கூடிய 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை விடுதிகளில் எழுதி வைக்கவும் உத்தரவிட வேண்டும்.

மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கவும், வருகைப் பதிவேடு எழுதவும், முதல் வருஷப் பிள்ளைகளைக் கூட்டிவரவும் நாங்கள் தயார். நான் வரும் ஏப்ரலில் படிப்பை முடித்துப் போய்விடுவேன். ஜூனில் மழையோடு புதிதாகப் பெட்டி தூக்கி வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலிருந்தே இது கிடைக்கும்படி, மண்டபத்துக்கான உத்தரவை மட்டுமாவது மே மாதத்துக்குள் பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ஆண்டு மாணவி
மற்றும் கையெழுத்திட்டுள்ள விடுதி மாணவியர்

இடம்: உதகமண்டலம்
இணைப்பு: மாணவியர் கையெழுத்துப் பட்டியல்