பல்பை மாற்றாதே, கண்ணாடியைப் பார்

மார்த்தாண்டம்,
தை மாதக் கடைசி.

அன்புள்ள நீலகண்டா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் மூட்டுவலிக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் எழுதியிருந்த நோய்க்கு இருக்கிறது. இரவில் கார் ஓட்டவே பயமாக இருக்கிறது, கண் மருத்துவர் கண்ணில் குறை ஒன்றுமில்லை என்கிறார், மெக்கானிக் இரண்டு மடங்கு வெளிச்சம் தரும் எல்இடி பல்பு போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பல்பை வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடு.

முதலில் ஒரு சோதனை செய். பகலில் வண்டிக்கு முன்னால் நின்று ஹெட்லைட்டை நன்றாகப் பார். ஒன்பது வருட வண்டி, அதுவும் கோயம்புத்தூரில் மொட்டை வெயிலில் நிற்பது. கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கும். அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்று. ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகள் உள்ளே இருக்கும் பல்பு தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது என்று பொருள். நுண்ணிய கீறல்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் வரும் தெளிவு அது. ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் தூசியோ நீராவியோ உள்ளே புகுந்திருக்கிறது. அப்போது நான் கீழே எழுதப்போவது உனக்கு உதவாது, விளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பள்ளியில் இயற்பியல் நடத்திய பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள். உன் வண்டியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பல்பு அதே பழைய வெளிச்சத்தைத்தான் கொடுக்கிறது. சாலையில் போய் விழ வேண்டிய ஒளியைக் கீறலும் மஞ்சளும் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. கொஞ்சம் வானத்துக்கு, கொஞ்சம் தென்னை மரத்துக்கு, கொஞ்சம் எதிரே வருகிறவன் கண்ணுக்கு. இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மடங்கு பல்பைப் போட்டால் சிதறலும் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு உன் ஹெட்லைட் ஹாலஜன் பல்பின் சிறிய இழைக்காக அளவெடுத்துச் செய்தது. எல்இடியின் ஒளி வேறு வடிவத்தில் புறப்படுவதால், எதிரே வருகிறவன் கண்ணில் படாமல் தாழ்வாக விழ வேண்டிய லோ பீமின் மேல் எல்லை கலைந்துவிடும். களியக்காவிளையிலிருந்து குழித்துறைப் பாலம் வரை இரவில் வந்து பார். நீலம் பாய்ந்த அந்த வெள்ளை விளக்குகள் எதிரே வரும்போது சாலையோரத்தில் நடந்து போகிறவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. டிம் அடித்தாலும் பயனில்லை. அவர்களுடைய டிம் நம்முடைய ஹை பீமைவிட மோசம்.

அமெரிக்காவில் ஏஏஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் இதை அளந்தே பார்த்தது. மங்கிப்போன ஹெட்லைட் புதியதன் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தது. தேய்த்துச் சரிசெய்தபோது எழுபது சதவீதம் அளவுக்குத் திரும்பியது. நூறு இல்லை என்பதையும் கவனி. ஆனால் இருபதிலிருந்து எழுபது என்பது இவ்வளவு குறைந்த செலவில் வேறெந்த வகையிலும் கிடைக்காது.

என் மாமனாரின் அம்பாசடர் கடைசிவரை மஞ்சளானதில்லையே என்று நீ கேட்பாய். அது நிஜக் கண்ணாடி. இப்போது கண்ணாடி என்று நாம் சொல்வதெல்லாம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். 1983இல் அமெரிக்கா இதை அனுமதித்த பிறகு மெல்ல மெல்ல உலகம் முழுவதும் வந்துவிட்டது. எடை குறைவு, கல் தெறித்தால் நொறுங்காது, எந்த வளைவுக்கும் வார்க்கலாம். பெரிய குறை ஒன்று: வெயிலின் புறஊதாக் கதிரை அதனால் தாங்க முடியாது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கெட்டியான ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசுகிறார்கள். வருடக்கணக்கில் வெயில் அந்தப் பூச்சைத் தின்று, பிறகு பிளாஸ்டிக்கையே பிடிக்கிறது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் உப்புக் காற்றைத்தான் குறை சொல்வார்கள். முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மணல் அடித்துக் கீறல் விழுவது உண்மை; ஆரல்வாய்மொழிக் காற்றும் ஆனி ஆடியில் அதைச் செய்யும். ஆனால் மஞ்சளுக்குக் காரணம் வெயில். என் வண்டியில் இடப்பக்க விளக்குத்தான் அதிகம் கெட்டிருந்தது. நிறுத்துமிடத்தில் வலப்பக்கத்துக்குப் பலாமர நிழல் உண்டு, இடப்பக்கத்துக்கு மாலை வெயில் நேராக.

நான் சரிசெய்யப் போகிறேன் என்று வாய்விட்டதும் தெருவே வைத்தியராகிவிட்டது. பற்பசை போட்டுத் தேய் என்றார் ஒருவர். அதில் இருப்பது மெல்லிய தேய்ப்பான். பளபளப்பு வரும், சில வாரத்தில் போய்விடும். கொசுவிரட்டித் திரவம் தடவினால் உடனே தெளிகிறது என்று இன்னொருவர் தன் கைப்பேசியில் படமே காட்டினார். தெளியும்தான், பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைப்பதால். பெட்ரோலும் தின்னரும் அதைவிடக் கெடுதல், மயிரிழை போல வெடிப்பு விடும். எண்ணெய் தடவுவது பழைய கார் விற்கிறவர்களின் வித்தை. நீ தண்ணீர் ஊற்றிப் பார்த்த அதே கணக்குத்தான், வாங்குகிறவன் வீடு போய்ச் சேரும்வரை தாங்கும்.

சரியான வேலை இதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, விளக்கைச் சுற்றிப் பம்பர், பானெட், பெயின்ட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் இரட்டை வரிசையாக மூடு. பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேள், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் அது. எண் கூடக்கூடத் தாள் நைசாகும். பழைய பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்திருந்தால் 600ஆம் எண்ணில் தொடங்கு. வெறும் மஞ்சள் மட்டும் என்றால் 800 போதும். பிறகு 1000, 1500, 2000. தாளும் விளக்கும் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். முதல் தாளில் வழியும் தண்ணீர் மஞ்சளாக வரும், அதுதான் செத்த பூச்சு. அது வெள்ளைப் பாலாக மாறுகிறவரை அடுத்த எண்ணுக்குப் போகாதே. பொறுமை வேண்டியது இந்த ஒரு இடத்தில்தான். இங்கே அவசரப்பட்டால் ஓரங்களில் மஞ்சள் திட்டு நின்றுவிடும், கடைசியில் தெரியும். ஒரு தாளில் குறுக்கே தேய்த்தால் அடுத்த தாளில் நெடுக்கே தேய். முந்தைய தாளின் கோடுகள் போனதா என்பது அப்போதுதான் கண்ணுக்குப் படும். பாதி வேலையில் உன் மனைவி வந்து பார்த்து, இருந்ததையும் கெடுத்துவிட்டீர்களே என்று சொல்வார். விளக்கு அப்போது பனிக்கண்ணாடி மாதிரி வெளுத்துத்தான் இருக்கும். என் வீட்டிலும் சொன்னார்கள்.

இதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் ரப்பிங் காம்பவுண்ட் என்கிற பசையைப் போட்டு மெருகேற்றி, கண்ணாடி போல ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். பட்டறைகளிலும் இதே கதைதான். பளபளவென்று கொடுத்து ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள்; சில மாதத்தில் பழையபடி மஞ்சள், பழையதைவிட வேகமாக. ஏன் ஆகாது? தேய்த்தபோது மிச்சமிருந்த பாதுகாப்புப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டோம். பிளாஸ்டிக் இப்போது அம்மணமாக நிற்கிறது. நீ பட்டறையில் கொடுப்பதானால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், தேய்த்தபின் மேலே என்ன பூசுவீர்கள் என்று கேள். மெழுகு என்றால் எழுந்து வந்துவிடு.

நான் போட்டது டூ-கே கிளியர் ஸ்ப்ரே, அதாவது ஹார்டனர் என்கிற இறுக்கும் பொருளோடு கலந்து இறுகும் நிறமற்ற பூச்சு. கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும். புறஊதாத் தடுப்பு இருக்கிறதா என்று டப்பாவில் பார்த்து வாங்கு. டப்பாவின் அடியிலுள்ள ஊசியை அழுத்தியதும் ஹார்டனர் உள்ளே கலக்கும். கலந்தபின் ஓரிரு நாளில் உள்ளேயே இறுகிவிடும் என்பதால் இரண்டு விளக்கையும் தயாராக வைத்துக்கொண்டுதான் அழுத்த வேண்டும். இதைப் பூசுவதானால் காம்பவுண்ட் வேண்டியதில்லை. 2000ஆம் எண்ணோடு நிறுத்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் மெல்லியதாக அடி. கீறல்களைப் பூச்சே நிரப்பிக்கொள்ளும். முதல் பூச்சு கொஞ்சம் ஈரப்பசை போனதும் இரண்டாவது. ஆனால் ஒன்று, அந்தப் புகை நுரையீரலுக்குப் பொல்லாதது, அதில் ஐசோசயனேட் என்கிற நச்சு ரசாயனம் இருக்கிறது. திறந்த வெளியில், ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியும் கையுறையும் போட்டுத்தான் செய்ய வேண்டும். துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. முகமூடி கிடைக்காவிட்டால், துணியில் தொட்டுத் தடவும் பூச்சு கிட்டுகளில் வருகிறது, அதை வாங்கு. ஆயுள் குறைவென்றாலும் மெழுகுக்கு எவ்வளவோ மேல்.

நாள் பார்த்துச் செய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு வெளுத்துப்போகும். இங்கே இரண்டு மழைக்காலமும் நம்மை விடுவதில்லை, அதனால்தான் நான் தை வரை காத்திருந்தேன். உனக்கு அந்தக் கவலை குறைவு.

வேலை முடிந்தபின் ஒரு இரவு, சுவருக்கு எதிரே சமதளத்தில் நிறுத்தி லோ பீம் எங்கே விழுகிறது என்று பார். ஸ்டியரிங்குக்கு அருகில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஒரு சிறு சக்கரம் இருக்கும். நீ அதைத் தொட்டதே இல்லை என்று பந்தயம் கட்டுவேன். பின் இருக்கையில் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், விளக்கும் மேலே பார்க்கும். அதைத் தணிக்கத்தான் அந்தச் சக்கரம்.

உள்ளே நீராவி தேங்கி, பின்னாலிருக்கும் வெள்ளிப்பூச்சும் கருத்திருந்தால் மட்டும் புது விளக்கு வாங்கு. அந்த வெள்ளிப்பூச்சை எந்தத் துணியாலும் துடைத்துவிடாதே, கையோடு வந்துவிடும்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். ரப்பர் தோட்டங்களில் இலை உதிர்ந்துகொண்டிருக்கிறது, பால்வெட்டு நிறுத்திவிட்டார்கள். துளிர் விட்டதும் தேனீப் பெட்டிகளைத் தோட்டத்தில் வைக்க மைத்துனர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூத்தவளுக்குத் தக்கலையிலேயே வேலை மாற்றம் கிடைத்துவிட்டது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு நீ வருவதாகச் சொன்னது உறுதிதானா? ரயிலில் வராமல் காரிலேயே வருவதானால் அதற்குள் விளக்கை முடித்துவிடு. முடியாவிட்டால் பகலில் புறப்பட்டு வா, என்னிடம் தாள்கள் மிச்சம் இருக்கின்றன, ஸ்ப்ரே மட்டும் நீ வாங்கி வர வேண்டும். புதுத் தேன் எடுக்கும் நேரம் அப்போது வந்திருக்காது. போன வருடத்துத் தேனில் உனக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
எட்வின்