மைக் இருந்தால் எளிது என்பது தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபரா (பெரும்பாலும் பாட்டாகவே, மைக் இல்லாமல் நடக்கும் இசை நாடகம்), மியூசிக்கல் (வசனமும் பாட்டும் கலந்து, இன்று மைக்குடன் நடக்கும் இசை நாடகம்) இரண்டிலும் பாடும் கலைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஆபரா பாடியவருக்கு மியூசிக்கல் சுலபம், மைக்கே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்ற தொனியில் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ‘சவுத் பசிபிக்’ மியூசிக்கலில் வரும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி எமீல். 1949-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அதை முதலில் ஏற்றவர் எட்ஸியோ பின்ஸா. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவில் (சுருக்கமாக ‘மெட்’) 1926 முதல் 22 பருவங்கள் பாடிய பேஸ் (ஆண்குரலில் மிகத் தாழ்ந்த வகை) பாடகர். அந்தக் குரலோடு மல்லுக்கட்ட முடியாது, ஒரே நேரத்தில் சேர்ந்து பாட வேண்டாம் என்று கதாநாயகி மேரி மார்ட்டின் கேட்டுக்கொண்டார். அதனால் முதல் காட்சியில் இருவரும் மனத்துக்குள் நினைப்பதை மாறி மாறிப் பாடுவதாக அமைத்தார்கள். 2008-இல் நியூயார்க்கின் கலை வளாகமான லிங்கன் சென்டரின் விவியன் போமான்ட் அரங்கில் அதே எமீலாக வந்தவர் பிரேசில் நாட்டுப் பாரிடோன் (பேஸைவிடச் சற்று உயர்ந்த ஆண்குரல்) பாவ்லோ ஷாட். இருவருக்குமே பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்த 2010-இலேயே ஷாட், ஷோஸ்டகோவிச்சின் ‘தி நோஸ்’ ஆபராவில் முதன்மைப் பாத்திரமேற்று மெட்டில் அறிமுகமானார். இரண்டு அரங்குகளும் ஒரே வளாகத்தில், சில நிமிட நடையில் இருக்கின்றன. தொண்டைக்கு அது அவ்வளவு பக்கமில்லை.

மெட்டில் சுமார் 3,800 இருக்கைகள். பாட்டுக்கு மைக் கிடையாது. மேடைக்கு முன்னுள்ள வாத்தியக் குழுப் பள்ளத்தில் அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்கும்போது ஒரு குரல் கடைசி வரிசைக்கு எப்படிப் போகிறது? வாத்தியக் குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சத்தில் இருக்கும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் வெகுவாக இறங்கிவிடும். பயிற்சி பெற்ற ஆண் பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி, அதற்கு நேர்மேலே உள்ள குழலைக் குறுக்கி, தொண்டையை அகட்டி, அந்தக் காலி இடத்தில் தன் ஒலியைக் குவிக்கிறார். பெண்களின் உச்ச ஸ்தாயியில் வழி வேறு. சுருதி ஏற ஏறத் தாடையைத் திறந்து உயிரெழுத்தையே மாற்றிக்கொள்வார்கள். ‘ஈ’ கூட ‘ஆ’ போலக் கேட்கும். மெட்டில் அது பெரிய குறையில்லை, முன் இருக்கையின் முதுகிலுள்ள சிறு திரையில் பாட்டின் வரிகள் ஓடுகின்றன. மியூசிக்கலில் அந்த வசதி இல்லை. சொல் புரியாவிட்டால் கதை போச்சு.

இந்தக் குரலை அப்படியே மைக்கில் கொட்டினால்? மியூசிக்கலில் மிகச் சிறிய மைக்கை நெற்றி ஓரத்தில், விக்கின் விளிம்பில் மறைத்து, டிரான்ஸ்மிட்டரை உடைக்குள் கட்டுவார்கள். முழுக்குரல் பாய்ந்தால் ஒலி உடையும். ஒலிப் பொறியாளர் அளவைக் குறைத்து வைப்பார். அடுத்து வரும் மெல்லிய வசனம் காணாமல் போகும். வியர்வைத் துளி மைக்கின் வாயை அடைத்தால் கணீரென்ற பகுதி மங்கி, போர்வைக்குள் பேசுவதுபோல் ஆகும். இருவர் தழுவிக்கொள்ளும் காட்சியில் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் ஏறிக் குழம்பும் என்பதால் பொறியாளர் ஒன்றை மூடிவிடுவார். எந்த வரியில் எது மூடும் என்பது நடிகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாடும் முறையும் மாறும்: வரியைப் பேச்சுபோல நேராகத் தொடங்கி, குரலின் அதிர்வை (விப்ராட்டோ) வரியின் கடைசியில் மட்டும் விட வேண்டும். ஆபராப் பாடகர்கள் பலர் சறுக்குவது இங்கேதான், உச்ச ஸ்வரத்தில் அல்ல. உச்சரிப்பும் காலை வாரும். 1984-இல் இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனே நடத்திய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மியூசிக்கலின் ஒலிப்பதிவில் ஸ்பெயின் நாட்டு ஆபராப் பாடகர் ஹோசே கரேராஸ் பாடியது அமெரிக்க இளைஞன் பாத்திரத்தை. குரலுக்குக் குறையில்லை, ஸ்பானிய வாடை மட்டும் கடைசிவரை போகவில்லை.

எதிர்த் திசையில் போனவர் கெல்லி ஓ'ஹாரா. 2008 தயாரிப்பில் ஷாட்டுக்கு ஜோடி அவர்தான். ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தில் ஆபரா படித்தவர். 2014 டிசம்பர் 31 அன்று மெட்டில் ‘தி மெர்ரி விடோ’வில் அறிமுகம், 2015-இல் ‘தி கிங் அண்ட் ஐ’க்கு டோனி, 2018-இல் மீண்டும் மெட்டில், மொஸார்ட்டின் ‘கோசி ஃபான் தூத்தே’யில் டெஸ்பினா, 2022-இல் ‘தி ஹவர்ஸ்’. இதை ‘மைக் பாடகி ஆபராவுக்கு உயர்ந்தார்’ என்று எழுதினாலும் தவறுதான்.

உழைப்புக் கணக்கைக் கட்டுரை தொடவே இல்லை. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள், சில நாட்களில் இரண்டு. ஆபராவில் பெரிய பாத்திரம் பாடியவருக்கு இடையில் ஓய்வு நாள் கொடுப்பார்கள். அந்த ஓய்வுக்குப் பழகியவர் எட்டுக் காட்சியிலும் முழுக்குரலைச் செலவழித்தால் சில வாரங்களில் கரகரப்பு வரும். பேச்சுக் குரலின் தடிப்பை அப்படியே மேலே ஏற்றிப் பாடும் ‘பெல்ட்’ முறையை மூச்சுப் பிடிமானமின்றிச் செய்பவருக்குக் குரல் நாண்களில், முன் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், காய்ப்பு விழும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் மிளகுக் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (நாண்களின் அசைவைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். காட்சி முடிந்து நள்ளிரவில் வயிறாரச் சாப்பிட்டு உடனே படுப்பதும் கெடுதல். மேலேறும் அமிலம் நாண்களை வீங்க வைக்கும். காட்சிக்குப் பிறகு ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்தி, ஐந்து நிமிடம் மெல்ல ஊதியபடி ‘ஊ’ என்று மேலும் கீழும் இழைத்தால் நாண்கள் தளரும்.

இரண்டுக்கும் விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு தகவல். ஆபராத் தேர்வுக்கு வழக்கமாக மூன்று நான்கு மொழிகளில் ஐந்து ஆரியாக்கள் (ஆபராவில் வரும் தனிப்பாடல்கள்) தயாராக இருக்க வேண்டும். மியூசிக்கல் தேர்வில் பல நேரங்களில் 16 பார் (தாளக் கட்டங்கள்) மட்டுமே பாடவிடுவார்கள். அதாவது அரை நிமிடம், முக்கால் நிமிடம். அதற்குள் ஆள் யார், என்ன கேட்கிறார் என்பது தெரிந்துவிட வேண்டும். ஆரியாவை அதில் வெட்டி ஒட்ட முடியாது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் பார்க்க விரும்புவோர் வியன்னாவின் ஃபோக்ஸ்ஓபர் அரங்கைக் கவனிக்கலாம். ஆபரா, ஆபரெட்டாவோடு (வசனம் கலந்த இலகுவான ஆபரா) 1956-இல் ‘கிஸ் மீ, கேட்’ தொடங்கி மியூசிக்கலும் அங்கே நடக்கிறது.

இப்படிக்கு,
மேற்கத்தியக் குரலிசை ஆசிரியர்கள் இருவர்,
சென்னை