பைத்தானின் கிவி கட்டமைப்பில் தமிழ்ச் செயலி கட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

'கொழுக்கட்டை' என்ற சொல்லை உங்கள் செயலியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விட்டதா? 'ழு' இரண்டு துண்டாகக் கிடக்கிறதா? கடைசி டகரத்தின் சங்கிலிக் கொம்பு இடம் மாறியிருக்கிறதா? இதில் ஒன்று நடந்திருந்தாலும் அந்தச் செயலியை வெளியிடாதீர்கள்.

கிவி பொத்தான் முதல் எழுத்து வரை எல்லாவற்றையும் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாகத் தானே வரைகிறது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஒரே தோற்றம் கிடைப்பது அதனால்தான். இயங்குதளத்தின் எழுத்துக்கோப்பு (குறிகளை உரிய இடத்தில் சேர்த்து எழுத்தாக்கும் வேலை) உதவி அதற்குக் கிடைக்காததும் அதனால்தான். வழக்கமாக எழுத்தை வரைந்து தருவது எஸ்டிஎல் டிடிஎஃப் நூலகம். அதை எழுத்துக்கோப்பு நூலகமான ஹார்ஃப்பஸ் சேர்த்தும் கம்பைல் செய்யலாம், சேர்க்காமலும் செய்யலாம். சேர்க்காவிட்டால் யூனிகோடில் உள்ள வரிசைப்படியே குறிகளை அடுக்கிவிடும். நம் கண்ணுக்கு 'கொழுக்கட்டை' ஆறு எழுத்து. பைத்தானுக்கோ பதினொரு குறியீடு. அந்தப் பதினொன்றை ஆறாக்கும் வேலையைச் செய்ய அங்கே ஆளில்லை.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது வேறு கோளாறு. கிவியின் இயல்பு எழுத்துருவான ரோபோட்டோவில் தமிழ் கிடையாது. முக்தா மலர் போல, தமிழும் ஆங்கில எழுத்தும் சேர்ந்த எழுத்துரு ஒன்றைச் செயலியோடு வைத்துப் பதிவு செய்யுங்கள். செயலியைக் கைபேசிக்குப் பொதிகட்டும் பில்டோசர் கருவியின் ஸ்பெக் கோப்பில், சேர்க்க வேண்டிய கோப்பு வகைகளின் இயல்புப் பட்டியலில் எழுத்துருக் கோப்பு வகையான டிடிஎஃப் இருக்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். மறந்தால் கணினியில் நன்றாக ஓடும் செயலி, கைபேசியில் எழுத்துருக் கோப்பைக் காணாமல் திறந்தவுடனே விழுந்துவிடும்.

எழுத்துக்கோப்புக்கு ஒரு வழி, கிவியை இம்போர்ட் செய்வதற்கு முன்பே சூழல் மாறியில் பைத்தானின் பட நூலகமான பில்லோவை எழுத்து வழங்கியாக (எழுத்தை வரைந்து தருவதாக) அமைப்பது. பின்னால் அமைத்தால் பயனில்லை. பில்லோவில் எழுத்துக்கோப்பு செய்யும் ராக்ம் வசதி இருந்தால்தான் கொம்பு இடத்துக்கு வரும். விண்டோஸில் அதற்கு ஃப்ரிபிடி என்ற துணை நூலகக் கோப்பும் வேண்டும். கணினியில் சோதித்து ராக்ம் இருக்கிறது என்று விடை வந்ததை நம்பி நிற்காமல், அதே சோதனையை ஆண்ட்ராய்டு பொதியான ஏபிகேவுக்குள்ளும் ஓட்டுங்கள். அங்கே இல்லை என்று வந்து, செயலியும் பக்கம் பக்கமாகப் படிக்கத் தருவதாக இருந்தால், வேறு கட்டமைப்புகளான ஃப்ளட்டருக்கோ க்யூட்டிக்கோ மாறுவதே நல்லது. இரண்டிலும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது.

உங்களை மன்றாடிக் கேட்பது ஒன்று: யூனிகோடு உரையைத் திஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கத்துக்கு மாற்றிக் காட்டும் குறுக்குவழி வேண்டாம். திரையில் அழகாகத்தான் தெரியும். ஆனால் அதை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் குப்பை வரும், தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் தமிழாக வாசிக்காது. பழைய குறியாக்கங்களிலிருந்து மீள நாம் பட்ட பாடு போதும்.

வழு கண்டால் கிவி திட்டத்தில் பதியுங்கள். கிவி தொடங்கும்போது பதிவில் (லாக்) எழுத்து வழங்கியின் பெயர் ஒரு வரியாக வரும். அந்த வரி, கிவி பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், 'கொழுக்கட்டை' உடைந்து தெரியும் திரைப்பிடிப்பு (ஸ்க்ரீன்ஷாட்) நான்கையும் சேர்த்தே அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு எது பிழை என்று தெரியாது. சரியான வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.