தெருவிளக்கை அணைத்தால் கொசு போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் ஆனையூர்ப் பக்கம் எங்கே நாலு பேர் நின்றாலும் கொசுப் பேச்சுதான். அதிலும் இப்போது பழி முழுக்க விளக்கின் மேல் விழுகிறது. வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகுதான் இவ்வளவு கொசு, தெருவிளக்கை ராத்திரி அணைக்கச் சொல்லி மனு கொடுப்போம் என்கிறார்கள் சிலர். வேறு சிலர், வாசலில் பெரிய ஃபோகஸ் லைட் போட்டால் கொசு அண்டாது என்று விடிய விடிய எரியவிடுகிறார்கள். இரண்டுமே தவறான எண்ணம். டெங்கு காலத்தில் இப்படி நம்பிக்கொண்டிருப்பது ஆபத்து என்பதால்தான் இந்தக் கடிதம்.

விளக்கைச் சுற்றிப் பறப்பதெல்லாம் கொசு இல்லை. மழை விட்டதும் வரும் ஈசல், விட்டில், சின்ன வண்டுகள், நெல் வயல் பக்கமிருந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவைதான் அங்கே அதிகம். கண்மாய்க் கரை ஓரத்து வீடுகளில் அச்சு அசல் கொசு மாதிரியே ஒரு பூச்சி சுவரெல்லாம் அப்பிக்கிடக்கும். அது கடிக்கவே கடிக்காது. கடிக்கிற பெண் கொசு வெளிச்சத்தை நம்பி நம்மைத் தேடுவதில்லை. நாம் விடும் மூச்சுக்காற்றில் இருக்கும் கரியமில வாயுவைச் சில பத்து மீட்டர் தள்ளியிருந்தே அது உணர்ந்துவிடும். கிட்டே வந்ததும் வியர்வை வாடை, உடம்புச் சூடு. விளக்கடியில் கொசு கடிப்பதற்கு முக்கியக் காரணம், விளக்கடியில் நாம் உட்கார்ந்திருப்பதுதான். ஆராய்ச்சிக்காகக் கொசு பிடிக்கும் விளக்குப் பொறியில்கூட வெறும் பல்பை மட்டும் நம்பாமல், கரியமில வாயு கசியும்படி உலர்பனிக்கட்டியையும் பல சமயம் சேர்த்துத் தொங்கவிடுவது அதனால்தான்.

இது தெரியாததால்தான் பூச்சியை இழுத்து மின்சாரத்தில் கருக்கும் நீல விளக்குக் கருவி வீட்டுக்கு வீடு விற்பனையாகிறது. எங்கள் வீட்டு மாடிப்படியிலும் ஒன்று தொங்குகிறது. காலையில் அதன் தட்டைக் கழற்றித் தாளில் கொட்டிப் பார்த்தால் ஈசல் இறகு குவியலாக விழும். கருகிய விட்டில், பச்சைப் பூச்சி, கடுகளவு வண்டு எல்லாம் கிடக்கும். கொசு என்று சொல்லும்படி ஒன்றிரண்டு தேறினால் பெரிது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தார் வீட்டுத் தோட்டங்களில் மாட்டிய இத்தகைய கருவிகளில் செத்த பூச்சிகளை உட்கார்ந்து எண்ணி 1996இல் வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அதில் கடிக்கும் இனம் வெறும் 31. மிச்சமெல்லாம் நம்மைக் கடிக்காதவை, பயிரைக் காக்கும் பூச்சிகளும் சேர்த்துத்தான். வாசலில் இதை மாட்டிவிட்டுக் கொசுவுக்கு வழி செய்தாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது.

அப்படியானால் விளக்குக்கும் கொசுவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நாம் பேசிக்கொள்ளும் விதத்தில் இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ், அந்தக் கறுப்பு வெள்ளைக் கோட்டுக் கால் கொசு, பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதற்கு வேகம் அதிகம். இருட்டினால் அடங்கிவிடும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இராத்திரியிலும் வெளிச்சம் இருந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2020இல் எழுதினார்கள். இருட்டான இரவில் 29 சதவீதக் கொசுக்கள்தான் கடித்தன. விளக்கு எரிந்த இரவில் 59 சதவீதம். மலேரியா பரப்பும் ஆப்பிரிக்க அனாபிலிஸ் வகையிலோ, வெளிச்சம் பட்டதும் கடிப்பது குறைந்ததாக அதே பல்கலைக்கழகத்தின் முந்தைய சோதனை காட்டியது. கொசுவுக்குக் கொசு குணம் மாறும். நம் ஊரில் இந்த மாதங்களில் பயப்பட வேண்டியது ஏடிஸுக்கு. போர்டிகோவில் ட்யூப்லைட்டை எரியவிட்டு, அதற்குக் கீழே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒன்பது மணிவரை பேசிக்கொண்டிருக்கிறோம். கணுக்காலில் சுருக்கென்று படும்போது குனிந்து பாருங்கள், அந்தக் கோட்டுக் கால் கொசுவாகவும் இருக்கலாம். செருப்பு ஸ்டாண்டின் நிழல் அதற்கு இருப்பிடம். நம் விளக்கு அதற்குப் பகலை நீட்டிக் கொடுக்கிறது.

ஆகவே வீட்டு விளக்கில் செய்ய வேண்டியது உண்டு. ஆள் உட்காராத நேரத்தில் வாசல் விளக்கை அணைத்துவிடலாம். ராத்திரி வெளிச்சம் வேண்டுமென்றால் கதவுக்கு நேர் மேலே மாட்டாமல் கேட் பக்கம், கீழே பார்த்தபடி மாட்டலாம். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 6500 கே என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 கே என்று போட்ட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பொதுவாகப் பூச்சி குறைவாக வரும். மஞ்சள் பல்பு கொசுவை விரட்டும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், அது விரட்டாது. உட்காரும் இடத்தில் ஒரு டேபிள் ஃபேனைக் கால் பக்கம் திருப்பிவைப்பது எந்தப் பல்பையும்விட மேல். கொசுவால் வேகமான காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது, நம் மூச்சுக்காற்றும் கலைந்துபோகும். விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்து என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸுக்கு நல்ல தடுப்பு. அது உள்ளே நுழையும் நேரம் அதுதான்.

தெருவிளக்கை மட்டும் தயவுசெய்து அணைக்கச் சொல்லாதீர்கள். ஜவுளிக்கடை வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் பஸ் இறங்கி நடந்து வரும் பெண் பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். தெருநாய், மழைக்கு வெளியே வரும் பாம்பு, சேறு மூடிய பள்ளம் எல்லாம் இருக்கிற தெருவில் இருட்டு யாருக்கும் நல்லதில்லை. வெளிச்சம் வீட்டு ஜன்னலுக்குள் அடிக்கிறது என்றால் விளக்கின் தலையைத் தெருப்பக்கம் திருப்பிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், அது நியாயமான கோரிக்கை.

மனு கொடுக்கும் அக்கறையில் பாதியைத் தண்ணீர் மேல் வைத்தால் போதும். மூடி சரியாகப் பொருந்தாத மொட்டைமாடி டேங்க், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, வெளியே கிடக்கும் ஆட்டுக்கல், டயர், சிரட்டை. ஏடிஸ் முட்டை கொசுவாகி வெளியேறச் சுமார் ஒரு வாரம், பத்து நாள்தான். வாரத்துக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்காவிட்டால் பக்கவாட்டில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் ஒரு துண்டுக் கொசுவலை கட்டிவிட்டால் கியூலெக்ஸ் பெருகும் வழி ஒன்று அடைபடும்.

1985 முதல் கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசு நிலையம் நம் மதுரையிலேயே, சின்னச் சொக்கிகுளத்தில் இயங்கி வருகிறது. அங்குள்ளவர்களைக் கொண்டு இந்த விளக்கு விஷயத்தைப் பற்றித் தங்கள் இதழில் விளக்கமாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து பார்த்துச் செல்லும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் வாசல் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். தொட்டியைப் பார்க்க அவர்கள் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆனையூர், மதுரை.