நீக்குங்கள், ஆனால் வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள்: பைத்தான் வழிகாட்டுக் குழுவுக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பைத்தான் வழிகாட்டுக் குழுவினர் ஐவருக்கும் வணக்கம்.

பகலில் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்துச் சிறு தொழிற்கூடங்களுக்கு நிரல் எழுதிக் கொடுக்கிறேன். மாலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லித் தருகிறேன். இரண்டுக்கும் பைத்தான் என்ற நிரல் மொழிதான். அந்த மொழியை வழிநடத்தும் நீங்கள் பழைய மாட்யூல்களை, அதாவது மொழியோடு சேர்த்தே தரும் ஆயத்த நிரல் பகுதிகளை, நீக்கும் விதம் பற்றியதுதான் என் குறை. இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வரும். தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம், இதே வேலையைச் செய்கிறவர்கள் படித்துத் தங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும் என்பதுதான்.

2025 மே மாதம், அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு காலை. தோல் பதனிடும் கூடம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. எடை மேடையிலிருந்து கணினிக்கு எடை வரவில்லை. அங்கே ஓடிய நிரலை 2016-இல் நான்தான் எழுதினேன். எடைக் கருவியிலிருந்து வரும் எண்ணை ஒரு சிறு பெட்டி வலைப்பின்னலுக்கு மாற்றித் தரும். டெல்நெட் என்ற பழைய வலைப்பின்னல் முறையில் பேச உதவும் டெல்நெட்லிப் மாட்யூல் அதைப் படித்துக் கணக்கில் ஏற்றும். நாற்பது வரிகூட இல்லாத நிரல். ஒன்பது ஆண்டுகள் ஒரு நாளும் நின்றதில்லை.

நின்றதற்குக் காரணம் எளிது. விண்டோஸ் 7 ஓடிய பழைய கணினி வெயிலில் உயிரை விட்டது. புதியது வாங்கினார்கள். கணினி வைத்துக் கொடுத்த தம்பி, உங்கள் தளத்தில் அன்றைக்கு முதலில் கண்ணில் பட்டதை, அதாவது பைத்தானின் 3.13 பதிப்பை, இறக்கி நிறுவினார். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது திரையில் ஒரே ஒரு வரி நின்றது: டெல்நெட்லிப் என்ற பெயரில் மாட்யூல் இல்லை.

எடை வராவிட்டால் என்ன, கையால் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். அன்று அதைத்தான் செய்தார்கள். சுண்ணாம்பில் ஊறி, சதை நீக்கிய தோலை எடை போட்ட பிறகே டிரம்மில் ஏற்றுவார்கள். சுண்ணாம்பு நீக்க எவ்வளவு உப்பு, அடுத்தடுத்த குளியலுக்கு எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அந்த எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் போகும். எடைக் கருவியின் சிவப்பு எண்களைப் பார்த்து ஒரு பையன் சத்தமாகச் சொல்ல, ஈரக் கையோடு மேஸ்திரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான்கு டிரம்கள் சுற்றுகிற இரைச்சல். பையன் சொன்னது அறுநூற்றுப் பதினெட்டு. நோட்டில் ஏறியது 688. பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். மருந்தை அளக்கப் போகும் நேரத்தில் மேஸ்திரிக்கே சந்தேகம் வந்து, குவியலை ஒரு முறை கையால் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குவியல் அவ்வளவு இருக்காது, மறுபடி போடு என்றார். முப்பது ஆண்டு அனுபவம் அன்றைக்குக் காப்பாற்றியது.

எங்கள் ஊரில் இது காசுக் கணக்கோடு முடிகிற விஷயம் அல்ல. டிரம்மில் கூடுதலாக விழுகிற மருந்து கழிவுநீரோடுதான் வெளியே வரும். பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு என்ன செய்தது என்பது நாட்டுக்கே தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று சொன்ன வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. எடையைக் கணினியில் ஏற்றும் வழக்கத்தை அந்தக் கூடத்துக்காரர்களிடம் நான் வலியுறுத்தியதும் இந்த எண்ணத்தில்தான்.

நிரலைத் திருத்த எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டெல்நெட்லிப் செய்த வேலையை, வலைப்பின்னலோடு நேரடியாகப் பேசும் சாக்கெட் மாட்யூலை வைத்து ஐந்தாறு வரிகளில் எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் கூடத்தில் நிரல் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த ஒற்றை வரிப் பிழையைப் பார்த்து அவர்கள் முதலில் கேபிளை மாற்றினார்கள். பிறகு எடைக் கருவிக்காரரை வரவழைத்தார்கள். பிறகு பைத்தானை நீக்கி மீண்டும் நிறுவினார்கள். நான் வேறு வேலையாக ஆம்பூரில் மாட்டிக்கொண்டிருந்தேன். போய்ச் சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. இல்லை என்று சொல்லத் தெரிந்த பைத்தானுக்கு, ஏன் இல்லை, எப்போதிலிருந்து இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், அந்த வரியைத் தொலைபேசியில் படிக்கச் சொல்லியே நான் ஆம்பூரிலிருந்து சரிசெய்திருப்பேன்.

நீங்கள் முறைப்படி நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பழைய மாட்யூல்களை நீக்கச் சொல்லி கிறிஸ்டியன் ஹெய்ம்ஸும் பிரெட் கேனனும் எழுதிய 594-ஆம் முன்மொழிவு (பெப் 594) 2019-லேயே வெளியாகிவிட்டது. 2022-இல் ஏற்றுக்கொண்டீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 3.11-இல், இவை நீக்கப்படப் போகின்றன என்று சொல்லும் கைவிடும் எச்சரிக்கையைச் சேர்த்தீர்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் பத்தொன்பது மாட்யூல்களை நீக்கினீர்கள். எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் இடையே இரண்டு ஆண்டு வேண்டும் என்று உங்கள் 387-ஆம் முன்மொழிவு சொல்வதைக் காப்பாற்றியும் இருக்கிறீர்கள். நீக்கியதற்கான காரணங்களும் எனக்குப் புரிகின்றன. டெல்நெட் கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்புகிற பழைய முறை. வலைத்தளங்களுக்கு நிரல் எழுத ஒரு காலத்தில் பயன்பட்ட சிஜிஐ மாட்யூலின் காலம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பராமரிக்க ஆள் இல்லாத நிரலைச் சுமந்துகொண்டே இருங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்களில் பெரும்பாலோர் இதைத் தொண்டாகச் செய்கிறவர்கள்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டு எச்சரிக்கை, எச்சரிக்கை வேண்டியவர்களுக்கு வந்து சேரவே இல்லை.

அந்தக் கூடத்தில் விண்டோஸ் 7 இருந்ததால் 3.8-க்கு மேல் போக வழியே இல்லை. 3.9 அந்த விண்டோஸில் ஓடாது. ஆகவே 3.11-இல் நீங்கள் வைத்த எச்சரிக்கையை அந்தக் கணினி ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. 3.12-ஐயும் பார்க்கவில்லை. கணினி இறந்த அன்று 3.8-இலிருந்து 3.13-க்கு ஒரே தாவல். இது ஏதோ ஒரு கூடத்தின் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் அச்சகம், ரத்தப் பரிசோதனைக் கூடம், அரிசி ஆலை என்று எங்கே போனாலும் கணினியை மாற்றும்போதுதான் பைத்தானும் மாறும். ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பு என்று நீங்கள் படிப்படியாக ஏறுகிறீர்கள். இங்கே ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஐந்து படிகளை ஒன்றாகத் தாண்டுகிறார்கள். நடுப்படியில் ஒட்டிய அறிவிப்பைத் தாண்டிப் போகிறவர் எப்படிப் படிப்பார்?

படிப்படியாக ஏறியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது இன்னொரு வருத்தம். கைவிடும் எச்சரிக்கையை இயல்பாகவே மறைத்து வைத்திருக்கிறீர்கள். 3.7-இலிருந்து முதன்மைக் கோப்பில் எழுந்தால் மட்டும் அது திரைக்கு வருகிறது. ஆனால் நானும் மற்றவர்களைப் போலக் கருவியோடு பேசும் பகுதியைத் தனிக் கோப்பாகத்தான் வைத்திருந்தேன். அதோடு நிரல் திறப்பது மேசைத்திரையில் உள்ள ஒரு சின்னத்தைச் சொடுக்கி. நிரல் ஓடும்போது கறுப்புத் திரையே வராது; நின்றுபோனால்தான் பிழை வரி தெரியும். எச்சரிக்கை எழுந்தாலும் அது யார் கண்ணுக்கும் எட்டியிருக்காது.

நீக்கிய மாட்யூல்கள் வெளியே கிடைக்கின்றனவே, பிப் என்ற நிறுவல் கருவி வழியாக இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் எடை மேடைக் கணினிக்கு இணையம் கிடையாது. வேண்டுமென்றே கொடுக்கவில்லை. நான் அங்கே பைத்தானைத் தேர்ந்தெடுத்ததே, பேட்டரியையும் சேர்த்தே தருகிறோம் என்று நீங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வாக்கை நம்பித்தான். ஒரு நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போனால் போதும், மற்றதெல்லாம் உள்ளேயே இருக்கும். 594-ஆம் முன்மொழிவின் தலைப்பில் அவற்றைச் செத்த பேட்டரிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் டார்ச்சில் அது அன்றைக்கு முந்தைய நாள் மாலை வரை எரிந்துகொண்டிருந்தது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீக்குங்கள். நீக்கிய இடத்தில் ஒரு பலகை மாட்டுங்கள்.

எங்கள் லாங்கு பஜாரில் முப்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்த கடை வேறு தெருவுக்குப் போனால், பழைய கதவில் ஒரு அட்டை தொங்கும். கடை இன்ன தெருவுக்கு மாற்றப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கும். வியாபாரத்தையே விட்டுவிட்டால், கடை மூடப்பட்டது என்றாவது இருக்கும். பழைய வாடிக்கையாளர் மூடிய கதவின் முன் நின்று, ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று திகைக்கக் கூடாது அல்லவா? டெல்நெட்லிப்பை ஒருவர் அழைத்தால், இது 3.13-இல் நீக்கப்பட்டது, மாற்று வழிகளுக்கு இந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று பிழைச் செய்தியிலேயே ஒரு வாக்கியம் வரட்டும். 3.13-இல் போனவை பத்தொன்பது, அவற்றோடு லிப்2டுத்ரீ. 3.12-இல் போனவை டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப், அசிங்கோர், அசிங்சாட், எஸ்எம்டிபிடி. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து பெயர்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல்.

இது உங்களுக்குப் புதிய வேலையும் அல்ல. பைத்தான் 2-இலிருந்து வந்தவர்கள் பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போட மறந்தால், அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று பைத்தானே பெயர் சொல்லி எடுத்துக் கொடுக்கிறது. 3.10-இலிருந்து, எழுத்து பிசகினால் இதைத்தான் சொல்ல வந்தீர்களா என்று கேட்கிறது. 3.12-இலிருந்து, நூலக மாட்யூலை அழைக்காமல் பயன்படுத்தினால் அழைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறது. இந்த அக்கறையின் பயனை நான் வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு மாணவி, ரேண்டம் எண்களைப் பயிற்சி செய்ய ஒரு கோப்பை உருவாக்கி அதற்கு ரேண்டம் என்றே பெயர் வைத்துவிட்டாள். முன்பெல்லாம் இந்தத் தவறில் பிள்ளைகள் ஒரு வகுப்பு நேரத்தையே தொலைப்பார்கள். அன்று பைத்தான், உன் கோப்பின் பெயரும் நூலக மாட்யூலின் பெயரும் ஒன்றாக இருக்கின்றன, பெயரை மாற்றிப் பார் என்று சொன்னது. அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. படித்தாள், மாற்றினாள், அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

அந்தச் செய்தி எந்தப் பதிப்பில் வந்தது தெரியுமா? 3.13-இல். பத்தொன்பது மாட்யூல்களை ஓசையில்லாமல் எடுத்த அதே பதிப்பில். கோப்புக்குத் தவறான பெயர் வைத்த மாணவிக்குக் காட்டிய கனிவை, நீங்கள் தந்ததை அப்படியே நம்பி எழுதியவருக்கும் காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

பெயர்கள் இடம் மாறும்போதும் இதே கதைதான். கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருந்த மேப்பிங் போன்ற பெயர்கள் 2012-லேயே அதற்குள் ஏபிசி என்ற உள்வீட்டுக்குப் போய்விட்டன. பழைய வாசலை ஆண்டுக்கணக்கில் திறந்து வைத்திருந்தீர்கள். பைத்தான் 2-ஐ அப்போதுதான் விட்டுவந்தவர்களை நினைத்து 3.9-இல் ஒரு பதிப்பு பொறுத்தீர்கள், 3.10-இல் அடைத்தீர்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி. அடைத்த கதவிலும் ஒரு வரி இருந்திருக்கலாம். டிஸ்ட்யூட்டில்ஸ் போனபோது என் மாணவர்கள் பழைய தொகுப்புகளை நிறுவ முடியாமல் தவித்ததை இங்கே விவரிக்கவில்லை. அது தனி மடலுக்குரியது.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக ஓட்டுவது எப்படி என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில், கட்டளை வரியில் கொடுப்பதைப் பிரித்துப் படிக்கும் கெட்ஆப்ட் மாட்யூலைப் பயன்படுத்துகிறார்கள். அது இன்றும் உங்கள் நூலகத்தில் இருக்கிறது, மகிழ்ச்சி. என்றைக்காவது அதையும் எடுக்க நேர்ந்தால், அன்று அச்சில் இருக்கும் புத்தகம் பழையதாகவே இருக்கும். ஊர்ப் பள்ளிகளின் ஆய்வகத்தில் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்வார்கள். பிழை வந்தால் தங்கள் தவறு என்றுதான் நினைப்பார்கள். அந்த வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

இருபத்தைந்து பெயர்களுக்கும் எந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்று எழுதிய பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்துவிட்டேன். ஆங்கில மடலோடு அது இணைப்பாக வரும். வாக்கியங்களைச் சுருக்கவோ மாற்றவோ வேண்டுமானால் சொல்லுங்கள், உடனே செய்து தருகிறேன். செய்தியைச் சேர்க்கும் நிரல் பகுதியை எழுதவும் என் மாணவர்களில் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைச் சரிபார்க்க உங்களில் ஒருவர் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.

தமிழ்ப் பட்டியலின் ஒரு பிரதியை எடை மேடைக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். மேஸ்திரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஈரம் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டினார்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து பைத்தான் எழுதும், கற்பிக்கும் ஒருவன்