சனிக்கிழமை பேஸ்பால் போறோம்!

வணக்கம் மக்களே. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு ஆஸ்டின் டிஷ்-ஃபால்க் மைதானத்துல டெக்சாஸ் பல்கலைக்கழக அணியான லாங்ஹார்ன்ஸோட ஆட்டம். 1 மணிக்கே வாசல்ல கூடிடுவோம். உள்ளே இருக்கறது வெளியே தெரியற பைதான் எடுத்துட்டு வரணும். தொப்பி, சன்ஸ்கிரீன் மறக்காதீங்க.

முதல் தடவை வர்றவங்களுக்கு ஒண்ணு: கல்லூரி ஆட்டத்துல அலுமினிய மட்டையும் உண்டு. பந்து பட்டதும் 'டிங்'னு ஒரு சத்தம், பாத்திரக்கடையில எவர்சில்வர் சொம்பைச் சுண்டிப் பார்ப்போமே, அது மாதிரி. தொழில்முறை ஆட்டக்காரங்க ஆடற மேஜர் லீக்ல மர மட்டைதான், அங்கே இது கிடைக்காது. போன வருஷம் அந்தச் சத்தம் கேட்டு என் பொண்ணு நாற்காலி மேலயே ஏறிட்டா.

ஃபவுல் பந்து, அதாவது அடிச்சு ஆட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே போற பந்து, சீட் பக்கம் பறந்து வரும். ஆட்டம் நடக்கும்போது போனைப் பார்க்காதீங்க, குழந்தைங்களைப் பக்கத்துலயே வச்சுக்குங்க. 7வது இன்னிங்ஸ் நடுவுல வழக்கப்படி கை காலை நீட்டிக்க மைதானமே எழுந்து நிக்கும், அதுக்கு முன்னாடி யாரும் கிளம்பிடாதீங்க. 6 தடவை தேசிய சாம்பியனான அணி இது, ஆரஞ்சுச் சட்டையில வாங்க.

எத்தனை பேர்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, டிக்கெட் எடுக்கணும்.