கேள்வி கேட்ட பிறகு கொஞ்சம் பொறுங்கள்: திருகோணமலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தரம் 9. பருவக்காற்றுப் பாடம். ஆனி, ஆடி மாதங்களில் இரத்தினபுரியில் கொட்டுகிற மழை நமக்கு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டேன். வழமையாகக் கை உயர்த்தும் நால்வரும் உயர்த்தினார்கள். அவர்களை விட்டுவிட்டு, கடற்கரைப் பக்கமிருந்து வரும், கடைசி வாங்கில் இருந்த பையனை எழுப்பினேன். அவனுடைய உதடு அசைந்தது, சொல் வரவில்லை. பாடத்தைக் கவனிப்பதில்லை என்று கடிந்து, பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தேன்.

தவணைப் பரீட்சையில் அதே கேள்விக்கு அவன் முக்கால் பக்கம் எழுதியிருந்தான். கச்சான் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து நம் வயல்களைக் காயவைப்பதை எழுதியிருந்தான். வாடைக்காற்று தொடங்கியதும் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறுவதை, தகப்பன் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருப்பதை எழுதியிருந்தான். பாடநூலில் அந்தப் பகுதி இரண்டு வரிதான். அன்று அந்த வகுப்பில் காற்றைப் பற்றி அதிகம் தெரிந்த பிள்ளையை நான் நிற்க வைத்திருந்தேன்.

பிறகு தனியாக அழைத்துக் கேட்டேன். "கச்சான் என்று சொன்னால் சிரிப்பார்கள், சேர்" என்றான். கச்சானுக்குப் பாடநூல் சொல்லான 'தென்மேல் பருவக்காற்று' அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் விளங்கியது முழுவதும் வீட்டுச் சொல்லில்தான் இருந்தது. எழுதும்போது இரண்டையும் பொருத்திப் பார்க்க நேரம் கிடைத்தது. எழுப்பி நிற்க வைத்தபோது கிடைக்கவில்லை.

ஈச்சிலம்பற்றிலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் பேச்சு வேறு, கிண்ணியாப் பிள்ளையின் பேச்சு வேறு, நிலாவெளிப் பிள்ளையின் பேச்சு வேறு. ஒரு பிள்ளை ஊர்ப் பேச்சில் பதில் தொடங்கும்போதே நாம் இடையில் புகுந்து சொல்லைத் திருத்துகிறோம். பின்வரிசை சிரிக்கிறது. அடுத்த கேள்விக்கு அந்தக் கை உயராது. தயவுசெய்து பதிலை முடிக்க விடுங்கள். சரியான சொல்லைப் பின்னர், பதிலைப் பாராட்டிய பிறகு, கரும்பலகையில் எழுதலாம். சிரித்தவர்களை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதில் நான் தளரவே மாட்டேன்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கடினம். "மிகவும் அமைதியான பிள்ளை" என்று முன்னேற்ற அறிக்கையில் நாமே பாராட்டி எழுதிக் கொடுக்கிறோம். வீட்டிலும் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள். அடக்கம் என்று புகழப்பட்டவள் உயர்தர வகுப்பில் திடீரென்று எப்படி வாதிடுவாள்?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து கவனித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழமையாகப் பேசாதவர்களும் பேசினார்கள். 1970களில் வெளிவந்த முடிவு இது. காசு செலவில்லாத முறை, நாற்பது பேர் நெருக்கியடித்து இருக்கும் வகுப்பிலும் செய்யக்கூடியது. ஆனால் ஆசிரியருக்கு அந்த அமைதி மிக நீளமாகத் தோன்றும். நான் கையில் வெண்கட்டியை உருட்டிக்கொண்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணப் பழகினேன்.

இன்னொன்று, பக்கத்துப் பிள்ளையுடன் முதலில் பேசவிடுவது. பிராங்க் லைமன் என்பவர் 1981இல் எழுதிய முறை: தனியே யோசி, இருவராய்ப் பேசு, பிறகு வகுப்புக்குச் சொல். கூச்சமுள்ள பிள்ளைக்கு முதல் கேட்பவர் ஒருவரே என்பதுதான் இதன் பலம். அவன் சொன்னதை வாங்குக்காரன் தலையாட்டி ஏற்றுக்கொண்டால், வகுப்பு முன் சொல்வது பாதி சுலபமாகிவிடும். முந்தின நாளே கேள்வியைக் கொடுத்து, கொப்பியில் எழுதி வந்ததை வாசிக்கச் சொல்வதும் நல்ல தொடக்கம். பார்த்து வாசித்தால் என்ன? குரல் வெளியே வருகிறதல்லவா?

எல்லாப் பிள்ளைகளும் சளசளவென்று பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு யோசிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் புள்ளி குறைத்துத் துன்புறுத்தாதீர்கள். வாரத்தில் ஒருமுறை ஒரு வசனம் சொன்னால் போதும். வாங்கு வரிசைப்படி பெயர் சொல்லி எழுப்புவதை மட்டும் கைவிடுங்கள். அன்று முழுவதும் அந்தப் பிள்ளை தன் முறையை எண்ணிக்கொண்டு நடுங்குமே தவிர, பாடம் காதில் ஏறாது.

அடுத்த தவணையின் முதல் வாரத்தில், ஒரே ஒரு பாடவேளையில் இதைச் செய்து பாருங்கள். கேள்வியைக் கேளுங்கள், ஐந்துவரை எண்ணுங்கள், அந்த நால்வரின் கைகளைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கச் சொல்லுங்கள், கடைசி வாங்கைப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருகோணமலை